நெஞ்சில் வைத்த விசில்

கோரமண்டல் கடைத்தெருவில் அந்த ஆளைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்டவர்களுக்கு மின்சார வைத்தியம் செய்வதாகச் சொல்லிக்கொண்டார். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் உழைத்து இருமலோடு திரும்பிய என் அண்ணன், என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார்.

ரேடியோ ரிப்பேர் செய்யும் எனக்கு அவருடைய கருவி புதிதல்ல. ஒரு டிரான்சிஸ்டர், சின்ன டிரான்ஸ்பார்மர், ஒரு கண்டன்சர், பாட்டரி, ஸ்பீக்கர். ஈரமான எதன்மேல் ஒயர் பட்டாலும் விசிலடிப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது. இரண்டு ஒயர் முனைகளையும் வாயில் வைத்து எச்சிலில் நனைத்து, அண்ணனின் வெற்று மார்பில் வைத்தார். அழுத்த அழுத்த விசில் உச்சத்துக்கு ஏறியது.

"பாத்தீங்களா? தூசி கரையுது."

நான் ஒயர்களைப் பிடுங்கி மேஜையிலிருந்த வாழைப்பழத்தில் குத்தினேன். அதே விசில்.

"இந்தப் பழம் எந்தச் சுரங்க ஷாப்டுல வேலை செஞ்சுதுங்க?"

அந்த ஆளின் முகம் மாறவே இல்லை. "பழத்துக்கு சாவு பயம் இல்லீங்க. ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்கன்னு உங்க அண்ணனக் கேளுங்க."

ஆஸ்பத்திரியில் கைவிரித்திருந்தார்கள்.

"நீ வெளிய போடா," என்றார் அண்ணன். "சார், இன்னொரு வாட்டி வைங்க."

மாரிகுப்பம் ரயிலில் ஏறும்போது, "இப்ப லேசா இருக்குதுடா," என்று இருமிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவாவது அந்த ஆளை மன்னித்துவிடலாமா என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.