கூடம் கோணல்தான்

அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் அவளுக்கு வெள்ளோட்ட அக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. வாசல் காவலாளி முதல் தயாரிப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். தயாரிப்பாளர் அவளைவிட மூத்தவர் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

வாரந்தோறும் தொலைக்காட்சியில் வரும் ஆட்டப் போட்டி அது. கடைக்காரர், கணக்கர், பிள்ளை பெற்று வேலையை விட்டவர் என்று யாரோ எவரோ மேடை ஏறுவார்கள். இரண்டு நிமிடத்துக்குள் ஒரு சவாலை முடித்தால் பரிசு. அந்தச் சவால் மேடைக்குப் போவதற்கு முன் அக்கா அதை ஆடிப் பார்ப்பாள். அவளால் முடிந்தால் ஆட்டப் பொருளின் அடியில் தையல் சாக்கட்டியால் ஒரு டிக் போடுவாள். டிக் இல்லாத எதுவும் மேடை ஏறாது. அதுதான் அந்தக் கூடத்தின் சட்டம்.

தையல் சாக்கட்டி ஏன் என்றால், அவள் உடை அறையில் பொத்தான் தைக்க வந்தவள். நிகழ்ச்சி தொடங்கிய புதிதில் ஒரு போட்டியாளர், இதெல்லாம் யாராலும் முடியாது என்று மேடையிலேயே சண்டைக்கு நின்றுவிட்டார். கோபம் வந்த தயாரிப்பாளர் அந்தப் பக்கமாகப் போன முதல் ஆளைக் கூப்பிட்டார். கழுத்தில் அளவு நாடாவும் சட்டையில் குத்திய ஊசியுமாக வந்து நின்றவள் இவள். மூன்று முறை தோற்று, நான்காம் முறை மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் எப்படியோ முடித்துவிட்டாள். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. "அக்காவால முடிஞ்சா யாராலயும் முடியும்" என்றார் தயாரிப்பாளர். அன்றைக்கு அது சத்தியமான பேச்சு.

அன்றிலிருந்து வெள்ளோட்டம் அவள் வேலையானது. அவள் ஆடுவதைப் படம்பிடித்தும் வைத்துக்கொண்டார்கள். மேடையில் யாராவது தோற்றால், பின்னாலிருக்கும் பெரிய திரையில் அதை ஓட்டுவார்கள். 'பாருங்கள், உங்களைப்போல ஒரு சாதாரண ஆள் முடித்திருக்கிறார்' என்பது அதன் பொருள். திரையில் தன் முகம் வரும்போதெல்லாம் அக்காவுக்கு உள்ளுக்குள் குளிரும். வராதா பின்னே? பொத்தான் தைத்தவளை ஊரே நிமிர்ந்து பார்த்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்!

ஆட்டங்களைச் செய்கிறவருக்கு முடிச்சு என்று பட்டப்பெயர். எளிய காரியத்தையும் முடிச்சுப் போட்டுச் செய்துதான் அவருக்குப் பழக்கம். அவர் அந்த ஆண்டு ஒரு வட்டத் தட்டைச் செய்திருந்தார். இரு பக்கமும் கைப்பிடி, நடுவில் ஏழு குழிகள், ஏழு கோலிகள். தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஏழையும் குழியில் உட்கார வைக்க வேண்டும். அக்கா அதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். முடிச்சு முகம் சுளித்து, குழியின் ஆழத்தைக் குறைத்தார். மறுபடியும் முடித்தாள். மறுபடியும் குறைத்தார். மூன்றாம் முறையும் முடித்து டிக் போட்டாள். "உங்களை ஜெயிக்க முடியலையே அக்கா" என்று அவர் அலுத்துக்கொண்டதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்தத் தட்டோடு மேடை ஏறியவர்களில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவும் உண்டு. நாளெல்லாம் மாத்திரை எண்ணும் கை, நல்ல நிதானம். ஆறு கோலிகளை உட்கார வைத்துவிட்டார். ஏழாவது வந்த வேகத்தில் மற்றவற்றையும் கிளப்பிவிட்டது. அவர் தட்டைக் கீழே வைத்து, "இது மனுசங்க செய்யுற காரியம் இல்லைங்க" என்று ஒலிவாங்கியில் அமைதியாகச் சொன்னார். தொகுப்பாளர் விடுவாரா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று எடுத்துவிட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. திரையில் அக்காவின் படம் ஓடியது. அந்த அம்மா அதை முழுவதும் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மேடை ஓரத்தில் நின்ற அக்காவும் சிரித்தாள். அதை மூடி மறைக்க எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. எல்லாம் பித்தலாட்டம் என்று பேச்சுக் கிளம்பியது. வெளியில் பேசுகிறவர்கள் வெளியோடு போவார்கள். அக்காவின் நாத்தனார் வீட்டுக்குள்ளேயே வந்து பேசினாள். அடுத்த தெருவில்தான் அவள் வீடு. நாக்கு மட்டும் இரண்டு தெரு தாண்டும். அண்ணியின் கூடத்தில் நடப்பது ஏமாற்று வேலை என்றாள். என் கையால் ஆடி முடித்த பிறகுதான் எல்லாம் மேடை ஏறுகிறது, அப்படியானால் நான் ஏமாற்றுக்காரியா என்று அக்கா சீறினாள். பேருந்து ஓட்டும் கணவர், மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் எந்தப் பக்கமும் ஹாரன் அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த டிக் ஒன்றுதான். அதைப் பொய் என்றால் அவளையே பொய் என்றது மாதிரி.

இந்த நிலையில் தயாரிப்பாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு துணிப்பை, அதற்குள் அந்தத் தட்டு. அடுத்த படப்பிடிப்புக்கு இன்னும் இரண்டு நாள். அதற்குப் பல்வரிசை அழகான ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தட்டை அவன் வீட்டில் கொடுத்து, சூட்சுமத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றார். ஒருவராவது ஜெயித்தால்தான் சனம் நம்பும், இல்லாவிட்டால் கூடத்தை இழுத்து மூடவேண்டியதுதான் என்றும் சொன்னார்.

இது மோசடி இல்லையா என்று அக்கா கேட்டாள்.

"எது மோசடி அக்கா? விதியை மாத்தினோமா, தட்டை மாத்தினோமா? ரெண்டு நாள் பழகினா யாருக்கும் வந்துடும். பழக்கம்தானே, வேறென்ன?"

தப்பு என்று அவள் மனசு சொன்னது; எங்கே தப்பு என்று வாய்க்குத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு, நேரே அந்த இளைஞன் வீட்டுக்குப் போகாமல், தன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் நாத்தனார் ஏற்கெனவே ஆஜர். பையில் என்ன என்று கேட்டாள். அக்காவுக்கு இருந்த எரிச்சலில் தட்டை மேசைமேல் எடுத்து வைத்து, வாய் கிழியப் பேசினாயே, ஆடிப் பார் என்றாள். நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள். இரண்டு கோலி உட்கார்ந்தது, ஐந்து ஓடியது. மறுபடியும் ஆடினாள். கணவர் வாங்கிப் பார்த்தார். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கும் கை, நான்கைத் தாண்டவில்லை. மூன்றாம் முறை தோற்றதும் நாத்தனார் தட்டை அண்ணியிடம் நீட்டினாள்.

அக்கா தட்டைச் சாய்த்தபடியே, அடுப்பில் பால் பொங்குகிறது, அணையுங்கள் என்று கணவரிடம் சொன்னாள். அவர் அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஏழு கோலிகளும் உட்கார்ந்துவிட்டன.

நாத்தனார் கேலி செய்யப்போகிறாள் என்று அக்கா காத்திருந்தாள். அவள் கேலி செய்யவில்லை.

"அண்ணி, எத்தனை வருசமா ஆடுறீங்க?"

"இந்தத் தட்டு புதுசுடி. நாலஞ்சு தடவை ஆடியிருப்பேன்."

"தட்டைக் கேக்கலை அண்ணி. உங்க கையைக் கேக்குறேன்."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள் நடுங்கிய கை எங்கே, பாலைப் பார்த்துக்கொண்டே கோலி உருட்டும் இந்தக் கை எங்கே? இரண்டு நாள் பழக்கத்துக்கு மோசடி என்று பெயர் வைத்தாளே, அவள் கையில் ஏறியிருப்பது எத்தனை வருடப் பழக்கம்! அவள் சீக்கிரம் முடிக்க முடிக்க, முடிச்சு குழியைக் குறைத்துக்கொண்டே போனார். அவளுடைய ஒவ்வொரு வெற்றியும் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய தோல்வியை இறுக்கிக் கட்டியிருக்கிறது. போதாததற்குத் திரையில் வேறு வந்து, நான் சாதாரண ஆள் என்று இளித்திருக்கிறாள். யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோலே வளர்ந்துவிட்டது, அதை ஒருவரும் பார்க்கவில்லை. மருந்துக்கடை அம்மாவின் அண்ணாந்த முகம் நினைவுக்கு வந்து, அக்கா அழுதேவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்த அதே கையால் தட்டைத் திருப்பி, தான் போட்ட டிக்கைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தாள்.

மறுநாள் முடிச்சிடம் போய், குழியை ஆழமாக்கச் சொன்னாள். ஆட்டம் சப்பென்று ஆகிவிடும் என்று அவர் மறுத்தார். அக்கா வாதாடவில்லை. வாசலில் வேறொரு பாட்டு நிகழ்ச்சிக்காகப் பார்வையாளர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போய்விட்டாள். தட்டைப் பிடுங்கப் பின்னாலேயே ஓடிவந்த முடிச்சு, வந்த இடத்தில் நின்றுவிட்டார். கையில் குடையோடு நின்ற ஒருவர் ஆடினார், குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு ஒருத்தி ஆடினாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் ஆடினார். ஒருவரும் முடிக்கவில்லை, பாதிப்பேர் நான்கைக்கூடத் தாண்டவில்லை. தான் செய்த ஆட்டத்தைப் பழக்கமில்லாத கைகளில் முடிச்சு பார்ப்பது அதுதான் முதல் முறை. இத்தனை நாளும் அவர் பார்த்ததெல்லாம் அக்காவின் கையைத்தான்.

"கொஞ்சம் இருங்கக்கா" என்று தட்டை வாங்கிக்கொண்டு பட்டறைக்குள் போனார். மெஷின் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குழிகள் ஒரு நகக்கண் அளவு ஆழமாகியிருந்தன. மறுபடியும் வரிசை ஆடியது. தோற்றார்கள், தோற்றார்கள், ஒருவர் ஆறில் விட்டார், அடுத்த பெண் ஏழாவதை உட்கார வைத்துவிட்டாள். வரிசை முழுக்க ஆர்ப்பரித்தது.

அந்தச் சத்தம் தயாரிப்பாளரை வெளியே இழுத்து வந்தது. தன் கூடத்தில் அப்படியொரு சத்தம் கேட்டு அவருக்குப் பல வாரம் ஆகியிருந்தது. தட்டு ஏன் இன்னும் அந்த இளைஞன் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல், இப்படிச் சுலபமாக்கினால் யார் பார்ப்பார்கள் என்றார்.

"சுலபமா வேணாம் சார், கஷ்டமாவே இருக்கட்டும். பத்துப் பேர் ஆடினா ரெண்டு பேரோ மூணு பேரோ ஜெயிக்கணும், மிச்சப்பேர் 'அடடா, விட்டுட்டோமே'ன்னு வீட்டுக்குப் போகணும். இப்ப எல்லாரும் 'ஏமாத்திட்டாங்க'ன்னு போறாங்க. வெள்ளோட்டத்துக்கு இனிமே நான் ஆகமாட்டேன் சார். என் கை கெட்டுப்போச்சு."

தயாரிப்பாளர் முறைத்துக்கொண்டே தட்டை வாங்கினார். ஐந்து உட்கார்ந்தது. இன்னொரு முறை என்று கோலிகளைப் பொறுக்கினார். குடைக்காரர் குறுக்கே வந்து, "சார், வரிசையில வாங்க" என்றார். அவர் யார் என்று குடைக்காரருக்குத் தெரியாது. தயாரிப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அங்கேயே வழக்கு முடிந்துவிட்டது; அக்கா தன் நிபந்தனைகளை அடுக்கினாள். இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தெருவிலிருந்து புதுக் கைகளைக் கூட்டி வரும் பொறுப்பு அக்காவுடையது. ஒருமுறை தொட்ட கை மறுமுறை தொடக்கூடாது. திரையில் அவளை ஓட்டக்கூடாது. குழி குறைந்த தட்டில் தோற்ற அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். கடைசி நிபந்தனைக்குத் தயாரிப்பாளர் முனகினார். அக்கா தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள். அவர் சம்மதித்தார்.

மருந்துக்கடைக்கு அவளே போனாள். அந்த அம்மாவுக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. திரையில் அவ்வளவு பெரிதாகப் பார்த்த முகமாயிற்றே. எல்லோரும் ஒருமுறை சிரித்தது போதும், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு மாத்திரைகளை எண்ணத் தொடங்கினார்.

"கூடம் கோணல்தாம்மா," என்றாள் அக்கா. "நீங்க சொன்னதுதான் சரி. அந்தக் கோணலே என்னாலதான் வந்துச்சு. அன்னைக்கு நானும் சிரிச்சேன். இப்ப நிமித்தியிருக்கோம். வந்து பாருங்க, தோத்தாலும் நியாயமாத் தோப்பீங்க."

அந்த அம்மா எண்ணுவதை நிறுத்தினார்.

படப்பிடிப்பு நாளில் அரங்கு நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் நாத்தனாரும் கணவரும். பல்வரிசைக்காரனும் பயிற்சி எதுவும் இல்லாமல் வந்து ஆடினான். நான்காவது கோலியில் தோற்று, அப்போதும் அழகாகவே சிரித்தான். அவனுக்குப் பின் வந்தவரும் தோற்றார். திரை வெறுமையாகவே இருந்தது. மேடை ஓரத்தில் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆழமாக்கியும் ஒருவரும் ஜெயிக்காவிட்டால் என்ன செய்வது?

மருந்துக்கடை அம்மா தட்டைப் பிடித்தார். ஒன்று, இரண்டு என்று நிதானமாக உட்கார்ந்தன. ஆறாவது கோலி குழியின் விளிம்பில் சுற்றிச் சுற்றி அடங்கியது. ஏழாவது மற்றவற்றின் நடுவே ஓடி, கோலிகள் அதிர்ந்தன. ஆனால் ஒன்றும் கிளம்பவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டைச் சாய்த்தார். கோலி வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

அரங்கு எழுந்து நின்று கத்தியது. முடிச்சு யாரோ முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மா பரிசைப் பார்க்கவில்லை, தொகுப்பாளரையும் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் நின்ற அக்காவைப் பார்த்து, நடுங்கும் கையை உயர்த்திக் காட்டினார். அக்கா முதல் நாள் நடுங்கிய அதே நடுக்கம். அக்காவுக்கு மனசு நிறைந்துபோனது. தான் ஜெயித்த எந்த நாளிலும் அவளுக்கு அப்படி நிறைந்ததில்லை.

முதல் வரிசையில், பக்கத்து நாற்காலிக்காரி நாத்தனாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், இவர்களை நம்பலாமா, இதுவும் ஏமாற்று வேலைதானா என்று. நாத்தனாருக்கு வந்ததே கோபம்.

"யாரைப் பார்த்து என்ன பேசுறீங்க? வெள்ளோட்டம் விடுறது எங்க அண்ணி. அந்தத் தட்டுல முதமுதல்ல எங்க வீட்டு மேசையில தோத்தது யாரு தெரியுமா?" என்று கேட்டு, தன் நெஞ்சில் தானே தட்டிக்கொண்டாள். "நான்தான்."