படியில் வைத்த கை

கம்போடியக் கோயில்களில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள். "ஏனுங்கம்மா, எல்லாரும் அந்தக் கல்லுப் பாம்பத் தொட்டுட்டு நிக்கறாங்க. நீங்க மட்டும் ஏன் கையப் பின்னால கட்டிக்கிட்டீங்க?"

திருச்செங்கோட்டு மலையிலும் ஒரு கல் பாம்பு உண்டு. பங்குனி வெயிலில் அதன்மேல் அப்பிய மஞ்சளும் குங்குமமும் வெந்து மணக்கும். அதற்கு மேலே அறுபதாம் படி. அங்கே கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டால் ஊரில் மறுபேச்சே கிடையாது.

எனக்கு ஒன்பது வயது. அக்கா எவனோடோ பேசினாள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அவள் இல்லவே இல்லை என்று அழுதாள். அப்பா எங்கள் இருவரையும் அந்தப் படிக்குக் கூட்டிப்போனார்.

"சாமி, நீதான அவகூடப் பள்ளிக்கூடம் போற. படியத் தொட்டுச் சொல்லு, பேசுனாளா?" என்றார் அப்பா என்னிடம்.

நான் எதையும் பார்த்ததில்லை. ஆனால் அப்பாவின் முகம் ஒரே ஒரு பதிலுக்குத்தான் காத்திருந்தது. கொதிக்கும் கல்லில் கையை வைத்து, "ஆமாங்கப்பா" என்றேன்.

அடுத்த மாதமே அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் வருடம் அவளைப் பாடையில்தான் பார்த்தேன்.

"கல்லு சுட்டுச்சு சாமி" என்றேன் மகளிடம்.

அவள் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அதில் நாங்கள் எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு நின்றோம்.