மேல்வீட்டு முறைப்பாடு

என் பழைய வயலின் உடைந்தபோது அதேபோல மர வயலின் வாங்கத்தான் ஆசைப்பட்டேன். கணவர் எலக்ட்ரிக் வயலினைக் காட்டினார்.

“மேல்வீட்டு அன்ரி சத்தம் எண்டு முறைப்பாடு சொன்னவ. இதெண்டால் ஹெட்போன் போட்டு வாசிக்கலாம்.”

வெள்ளவத்தையில் ஃபிளாட் வாழ்க்கை, ஒத்துக்கொண்டேன். ஒரு வருடம் என் காதுக்கு மட்டுமே வாசித்தேன். அன்ரியைக் கண்டால் தலை குனிந்துகொள்வேன்.

போன வாரம் லிஃப்டில் அவரே கேட்டார்: “ஏன் பிள்ளை, வயலினை விட்டிட்டீங்கள்? பின்னேரத்தில பல்கனியில இருந்து கேக்கிறனான்.”

“உங்களுக்குச் சத்தம் கரைச்சல் எண்டு...”

“நானோ? ஆர் சொன்னது?”

லிஃப்ட் நின்றதும் வெளியே வந்தேன். தனக்குப் பிடிக்கவில்லை என்று கணவர் நேரே சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக் கதவைத் திறந்தேன். அவர் வழக்கம்போல் முழுச் சத்தத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு நான் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.