கதிருக்குப் பன்னிரண்டு உயிர்

நெயில் பாலிஷ் வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு ஞாபகத்துக்கு வருமோ என்னவோ, எனக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலும், அந்த நிழலிலும் சூடு அடங்காத சிமெண்டுத் தரையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் நீளப் பிளாஸ்டிக் சிப்பாய் ஒருவனுக்குத் தீக்குச்சி முனையால் சிவப்புச் சட்டை பூசிய மே மாதத்து மதியங்களும்தான் வரும். அப்போது எனக்குப் பதினொரு வயது. திருநின்றவூரில் வாடகை மலிவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா எங்களைத் திருச்சியிலிருந்து அழைத்துவந்து, ஒரே வரிசையில் நான்கு குடும்பங்கள் இருந்த வீட்டில் இரண்டாவது "போர்ஷனில்" குடிவைத்திருந்தார். காலையில் மின்சார ரயிலைப் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அம்மாவுக்கு அந்த ஊரில் இருந்த ஒரே கவலை "ஓனர் வீட்டு மனசு கோணக்கூடாது" என்பது.

ஓனர் குடும்பம் அந்த ஊரின் பழைய குடி. வயலை மனைகளாகப் போட்டு விற்று, அந்தப் பணத்தில் எங்கள் வரிசை வீட்டைக் கட்டியவர்கள். அவர்களுடைய கடைசிப் பெண் அமுதா அக்கா அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். ஆயிரத்துக்கு மேல் மார்க் வாங்கியிருந்ததாகத் தெருவெல்லாம் பேச்சு. அவளுக்குப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த புத்தகங்களைக் கிளறி எடுக்கும் பழக்கம் உண்டு. அப்படி ஒரு நாள் அட்டை இல்லாத ஆங்கிலப் புத்தகம் ஒன்றோடு மாடிக்கு வந்தாள். முப்பத்து மூன்றாம் பக்கத்தில் தொடங்கி நூற்றுப் பதினெட்டில் அறுந்துபோன புத்தகம் அது. முன்னும் பின்னும் இல்லாததால் பெயர் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் அது என்னவென்று கண்டுபிடித்துவிட்டாள். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு மனிதராக நின்று, இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை எண் தீர்மானிக்கும்.

எண்ணுக்கு இருபது முகம் கொண்ட பகடை வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அப்படி ஒரு பகடையைப் பார்த்த மனிதர் எங்கள் தெருவில் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். அக்கா இருபது புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, ஒயிட்னரால் ஒன்று முதல் இருபது வரை எழுதி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டாள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட வேண்டும். நானும் என் தம்பி பாலுவும், பக்கத்துப் போர்ஷன் ஸ்டீபனும் ஆட்டக்காரர்கள். மூவரில் பெரியவள் என்பதால் நான்தான் கூட்டத்துக்குத் தலைவி, கடைசிச் சொல் என்னுடையது. நாங்கள் எதையாவது சொன்னதும் அக்கா "முடிவா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பாள். ஆமாம் என்றால் டம்ளரைத் தரையில் "டங்" என்று தட்டுவாள். தட்டிய பிறகு அழுதாலும் புரண்டாலும் மாற்ற முடியாது.

கதைக்குள் நிற்கும் ஆளாக ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை, அதற்குப் பன்னிரண்டு உயிர். அடிபட அடிபட நோட்டில் ஒவ்வொரு கோடாக அடித்துக்கொண்டே வருவாள். எங்காவது தங்கி ஒரு ராத்திரி தூங்கினால் போன உயிர் முழுவதும் திரும்பிவிடும் என்பது புத்தகத்திலேயே இருந்த விதி. பன்னிரண்டும் போனால் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை, அந்தப் பக்கங்கள் கிடைக்கவில்லை. அதனால் அக்காவே ஒரு விதி போட்டாள். செத்தவனின் பொம்மையை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் எறிந்துவிட வேண்டும். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தோம். இரண்டாவது வாரமே ஸ்டீபனின் ஆள் கிணற்றுப் பாம்பிடம் செத்தான். நால்வரும் கரைமேல் ஏறி நிற்க, ஸ்டீபன் தன் கையாலேயே அவனை எறிந்தான். "ப்ளக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு நாள் அவன் மாடிப்பக்கமே வரவில்லை. அன்றைக்கு எனக்குள் புகுந்த பயம் அந்த விடுமுறை முழுவதும் போகவே இல்லை.

ஏனென்றால் என் கதிரைப் போல ஒருவன் அந்த ஊரில் கிடையாது. பெட்டிக்கடையில் பாக்கெட்டாக விற்ற பச்சை நிறத் துப்பாக்கிச் சிப்பாய்களில் ஒருவன்தான் அவனும். துப்பாக்கியை பிளேடால் அறுத்து, விளக்குமாற்றுக் குச்சியைச் சீவி வாளாக ஒட்டி, அமுதா அக்காவின் நெயில் பாலிஷால் சட்டையும், வாசல் இரும்புக் கேட்டுக்குப் பூசி மிஞ்சிய வெள்ளி பெயிண்டால் கவசமும் பூசினேன். கண்ணுக்கு மட்டும் ஊசி முனை. ஒரு கண் வைத்தால் இன்னொன்று கோணிக்கொள்ளும், துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். பதினான்கு நாள் பிடித்தது. பள்ளிக்கூடத்து ஓவியப் போட்டியில் ஆறுதல் பரிசுகூட வாங்காத கை இது, அதனால்தானோ என்னவோ அவனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

நாங்கள் மாடியில் கோட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் கீழே ஓனர் வீட்டில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. குமணன்சாவடியில் டயர் கடை வைத்திருந்த அக்காவின் தாய்மாமன் வீட்டிலிருந்து தட்டு வரிசையோடு ஆட்கள் வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணத்தை உறுதி செய்து அவளுக்குப் பூ வைத்தார்கள். எங்களுக்கும் லட்டு வந்தது, எனக்கு இரண்டு கிடைத்ததில் பாலுவுக்கும் எனக்கும் சண்டை. பூ வைத்த பெண் தனியாகத் தெருவில் இறங்கக்கூடாது என்று அவளுடைய அம்மா சொல்லிவிட்டார். ஸ்டேஷன் ரோடு, பழைய பேப்பர் கடை எல்லாம் நின்றுபோயின. மாடிக்கு மட்டும் தடை இல்லை, "சின்னதுங்களோட ஆடிக்கினு கீறா, கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். இவ்வளவு மார்க் வாங்கிய பெண்ணைப் படிக்க வைக்கலாமே என்று ஒரு நாள் அப்பா சாப்பிடும்போது சொன்னார். "அது ஓனர் வீட்டு விஷயம், வாடகைக்கு இருக்கிறவங்க வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும்" என்று அம்மா ரசத்தை ஊற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் வீட்டுப்பாடம் எழுதும் லட்சணத்துக்கு எனக்கும் அதே கதிதான் என்று சேர்த்துக்கொண்டார்.

பூ வைத்த அடுத்த வாரத்தில் ஒரு மதியம். கதை ஒரு கோட்டைக்குள் வந்து நின்றிருந்தது. முதலைக் குழியைத் தாண்டியதில் கதிருக்குப் பத்து உயிர் போய், மிச்சம் இரண்டு. பாலுவின் ஆளுக்கு ஐந்து, ஸ்டீபனின் புது ஆளுக்கு ஒன்பது. ஏட்டறையில் ஒரு பெண் இருக்கிறாள் என்றாள் அக்கா. ஏடுகளைப் படி எடுத்து எழுதுகிறவள். விடிந்தால் ஒரு வண்டி வந்து அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். அவள் எங்களிடம் ஒரு ஓலையைக் காட்டி, இதைக் கிழக்கு வாசலில் இருக்கும் செப்புப் பெட்டியில் விடிவதற்குள் போட்டுவிட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். வழியில் காவல் நாய்கள் உண்டு. "இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள் அக்கா. வழக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்து கதை சொல்கிறவள் அன்றைக்குச் சம்மணம் போட்டு, நோட்டை மூடி மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள்.

ஸ்டீபன் உடனே போகலாம் என்றான். பாலுவும் தலையாட்டினான். நான் நாய்களைப் பற்றி யோசித்தேன். இரண்டு உயிர் என்பது ஒரே கடி. ஏரியில் கேட்ட அந்தச் சத்தம் எனக்குக் காதிலேயே இருந்தது. அந்தப் பெண் யார், எங்கள் கதையில் அவளால் நமக்கு என்ன கிடைக்கப் போகிறது, புதையல் அறையின் சாவிகூட அவளிடம் இல்லையே என்று பெரிய மனுஷி மாதிரி விளக்கிவிட்டு, நாங்கள் இந்த ராத்திரி இங்கேயே தூங்குகிறோம், காலையில் உயிர் திரும்பியதும் பார்க்கலாம் என்றேன்.

"முடிவா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் டம்ளரை எடுக்கவில்லை.

"காலைல வண்டி வந்துடும். முடிவா?"

விதிப்படி ஒரு தடவைதான் கேட்க வேண்டும், இது அழுகுணி ஆட்டம் என்று எனக்குக் கோபம் வந்தது. மூன்றாவது முறையும் கேட்டாள். மூன்றாவது முறையும் ஆமாம் என்றேன்.

"சரி, தூங்குங்க" என்றாள். டம்ளரைத் தட்டாமல் ஓரமாக நகர்த்தி வைத்தாள். நோட்டைத் திறந்து, கதிரின் பெயருக்கு எதிரே அடித்திருந்த கோடுகளை அழித்துப் பன்னிரண்டு என்று எழுதினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கீழே யாரோ கூப்பிட்டார்கள், நோட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் ஆட வரவில்லை. வேலை இருக்கிறது என்றாள், தலை வலிக்கிறது என்றாள், பிறகு கேட்பதை நாங்களே விட்டுவிட்டோம். ஆனியில் கல்யாணம். முந்தின நாள் டம்ளரையும் புளியங்கொட்டைகளையும் என்னிடம் கொடுத்தாள், புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அதை நினைத்து வெகுநாள் வருத்தப்பட்டிருக்கிறேன், கல்யாணம் ஆகிப் போகிறவளுக்கு எதற்கு அந்தப் புத்தகம் என்று.

நான் படித்தேன். வீட்டுப்பாடம் எழுதிய லட்சணத்துக்கு மீறியே படித்தேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் வாரம், அந்த அட்டையில்லாப் புத்தகத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். இப்போது அம்பத்தூரில் ஒரு அலுவலகத்தில் வேலை, அங்கேயே ஒரு அடுக்குமாடியில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வேலை செய்யும் நான்கு பேர் வருவார்கள், நான் கதை சொல்கிறேன். நிஜமான இருபது முகப் பகடை இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பொம்மைகள் இருக்கின்றன, அவற்றுக்கென்றே செய்த வர்ணங்களும் நான்கே மயிர் கொண்ட தூரிகையும் இருக்கின்றன. கண்ணாடி அலமாரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் கோணல் கண்ணோடு கதிர். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவனைத்தான் முதலில் கேட்பார்கள். அவன் கதையை எத்தனையோ பேருக்கு, எவ்வளவோ சிரிப்போடு சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் ஓனர் மாமா காலமான செய்தி வந்து திருநின்றவூர் போனேன். எங்கள் வரிசை வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி எழும்பி, கீழே இருசக்கர வண்டிகள் நின்றன. ஷாமியானா நிழலில் அமுதா அக்கா டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் முட்டிவலி வரைக்கும் விசாரித்தாள். டயர் கடையை வீட்டுக்காரர் மூடிவிட்டாராம், மூத்தவன் கார் ஓட்டுகிறானாம். பேச்சு தீர்ந்துபோன ஒரு இடைவெளியில், சாவு வீடு என்பதையும் மறந்து, அக்கா, அந்தக் கோட்டைக் கதையை நீங்கள் முடிக்கவே இல்லையே, அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"வண்டி வந்துச்சி, ஏறிப் போனா. வேற இன்னா ஆவும்?"

நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அன்னிக்கு நோட்டுக்குள்ள நெஜமாவே ஒரு கவர் இருந்துச்சி" என்றாள். "காலேஜ் அப்ளிகேசன். ஸ்டாம்ப்லாம் ஒட்டி வெச்சிருந்தேன். ஸ்டேசனாண்ட பொட்டில போட்டாப் போதும், மறுநாள் போனா டைமு முடிஞ்சிடும். நீங்க கெளம்புறோம்னு சொல்லியிருந்தா உன் கையில குட்த்துடலாம்னு இருந்தேன்."

ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஐஸ் வாங்கக் காசு கிடைத்தால் ஓட்டமாக ஓடி ஐந்து நிமிடத்தில் போய்விடுவேன். அதைத்தான் சொன்னேன். நேராகக் கேட்டிருந்தால் ஓடிப்போய்ப் போட்டிருப்பேனே அக்கா என்றேன்.

"நேரா கேட்டா நீ போய் உங்கம்மாண்ட சொல்லிருப்ப. அவங்க வந்து எங்கம்மாண்ட சொல்லிருப்பாங்க. அதான் கதைல உட்டுப் பார்த்தேன்." என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "உடு. சின்னப் பசங்க நீங்க, உங்களுக்கு இன்னா தெரியும்."

அவள் சொன்னது சரி. எல்லாவற்றையும் அம்மாவிடம் போய்ச் சொல்கிற பெண்ணாகத்தான் நான் இருந்தேன். அந்தத் தபால் போய்ச் சேர்ந்திருந்தாலும் வண்டி வந்திருக்கும், அப்படித்தான் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அது எனக்கு உதவவில்லை. போடப்படாத ஒரு கடிதம் என்ன செய்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, இனி அவளாலும் முடியாது.

அடுத்த சனிக்கிழமை கதிரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். ஏரிக்கரையில் ஸ்டீபன் நின்று எறிந்த இடத்தைத் தேடினேன். கரையின் அந்தப் பக்கத்தில் கம்பிவேலி போட்டிருந்தார்கள், தண்ணீர் இருந்த இடத்தில் சீமைக்கருவேலமும், அதையும் தாண்டி மனை எண் எழுதிய கற்களும் இருந்தன. தண்ணீர் வெகுதூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது, என் கை வீச்சுக்கு எட்டாது. எட்டியிருந்தாலும் எறிந்திருப்பேனா என்று தெரியவில்லை. கோட்டைக்குள் நின்ற அன்றைக்கும் நான் அவனை எறியத் துணியாதவள்தான். சிறிது நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு அடுத்த ரயிலில் அம்பத்தூர் வந்தேன்.

இப்போது அலமாரியில் அவனைப் பின்வரிசைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், யாரும் கேட்கக்கூடாது என்று. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் அடிபட்டுத் திரும்பும்போதெல்லாம் இந்த ராத்திரி தூங்கிவிடலாம் என்பார்கள், விதியில் அது இன்னும் இருக்கிறது, நானும் சரி தூங்குங்கள் என்கிறேன். கதிர் அங்கே பின்னால் நிற்கிறான். வெள்ளிக் கவசம் உரிந்திருக்கிறது, சிவப்புச் சட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. உயிர் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒரு நாய்கூட அவனைக் கடிக்கவில்லை, அன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான்.