போத்தல் பெரட்டு

"நல்லம்மா."

பதில் வராது. போத்தல் எங்கே பதில் சொல்லும்? ஆனாலும் இராசையா கங்காணி கூப்பிடாமல் விடமாட்டார். வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் பதினேழு வெறும் போத்தல்கள் வரிசை பிடித்து நிற்கும். ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அழைத்து, கழுத்தைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரே காட்டி அடியைப் பார்ப்பார். போன கிழமை மருந்தின் கறை அடியில் ஒட்டியிருந்தால் தொலைந்தது.

"யாரு இது, கருப்பம்மாவா? கழுவாத போத்தல நான் சொமக்க மாட்டேன். பீலியில கழுவிக்கிட்டு வா."

கருப்பம்மா முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர்ப் பீலிக்குப் போவாள். விடிகாலைப் பெரட்டுக் களத்தில் முப்பது வருஷம் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பிய வாய் அது. வேலையிலிருந்து நின்ற பிறகும் சும்மா இருக்கச் சொன்னால் கேட்பதில்லை.

தெமோதரைக்கு மேலே, ரயிலின் சத்தம் கேட்கும், ரயில் கண்ணுக்குத் தெரியாது என்கிற உயரத்தில் இருக்கிறது இந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு. டிஸ்பென்சரி கீழ்ப்பிரிவில். போக மூன்று மைல் இறக்கம், வர அதே மூன்று மைல் ஏற்றம். மருந்து வேண்டுமானால் போத்தலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். முழங்கால் தேய்ந்த கிழவிகளுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும் அந்தப் பயணத்தை நினைத்தாலே நோவு ஒன்றுக்கு இரண்டாகும். அவர்களுக்காகத்தான் கங்காணி போகிறார். சாராயப் போத்தல், வினாகிரிப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல் என்று எல்லாச் சாதியும் இருக்கும். எது யாருடையது என்பதில் அவருக்குக் குழப்பமே வராது. ஒவ்வொன்றின் கழுத்திலும் வீட்டுக்காரியின் பழைய சேலையில் கிழித்த துண்டு ஒன்று கட்டியிருக்கும். பிரிவிலுள்ள அத்தனை பெண்களின் சேலைகளும் அவருக்கு மனப்பாடம். இதை வெளியே சொல்லிப் பெருமைப்பட முடியாது என்பதுதான் ஒரே குறை.

ஆள் ஆறடி. வயது அறுபத்தொன்பது. முழங்கையில் ஒட்டுப் போட்ட கறுப்புக் கோட்டு, தலையில் மடித்த துவாய், துவாயின் மேல் கயிறு, அந்தக் கயிற்றில் முதுகோடு தொங்கும் கொழுந்துக் கூடை. கூடைக்குள் மானாப்புல்லைப் பரப்பிப் போத்தல்களை அடுக்கியிருப்பார். கொழுந்துக் கூடை பெண்கள் சுமப்பது. ஓர் ஆண், அதிலும் கங்காணியாக இருந்தவர், தலையில் கூடைக் கயிறு போட்டு நடந்ததை இந்த மலை அதற்கு முன் பார்த்ததில்லை.

இதெல்லாம் இராக்கம்மாவால் வந்தது. இராக்கம்மா அவருடைய மனைவி. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு காலையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்துப் பார்த்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் வரவில்லை, பேச்சும் குழறிப்போனது. லுணுகலையில் வாழ்க்கைப்பட்ட மகள் வந்து அம்மாவைத் தன்னோடு அனுப்பச் சொல்லி அழுதாள்.

"என் வீட்டு ஆள நான் பாத்துக்குவேன். நீ போயி ஒன் குடும்பத்தப் பாரு" என்றார் கங்காணி.

பார்த்துக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துக்கொண்டார். அங்கேதான் தப்புப் பண்ணினார். நேற்று வரை அதட்டி வேலை வாங்கியவர் இன்று மனைவிக்குக் கஞ்சி ஊட்டுவதை அதட்டல் வாங்கியவர்கள் பார்க்கக் கூடாது என்று அவருக்கு ஒரு வீறாப்பு. யார் கதவைத் தட்டினாலும் "தூங்குறா" என்பார். மனைவியைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் ஒற்றை ஆளாக. அவளுடைய துணிகளை ஊர் எழும்புமுன் பீலிக்குக் கொண்டுபோய்த் துவைத்துவிட்டு வருவார். சாயங்காலம் நாலு பேரோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற பழக்கமும் போயிற்று. இரண்டு வருஷத்தில் கோட்டு அவருக்குப் பெரிதாகிவிட்டது. தூக்கமில்லை. சுருக்கமாகச் சொன்னால், ஓர் அறைக்குள் ஒரு நோயாளியாக இருந்தது இரண்டு நோயாளியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு விடிகாலையில் பீலியடிக் கல்லின் மேல் தலைசுற்றி விழுந்தார். முதலில் பார்த்தவள் பக்கத்து அறை ரெங்கம்மா. கங்காணி கிடந்த கிடையைவிட, அவர் விடாமல் பிடித்திருந்த ஈரச் சேலையைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

டிஸ்பென்சரியில் இருக்கும் ஸலீமை எல்லோரும் டொக்டரய்யா என்பார்கள். நல்ல மனிதர், ஆனால் ஒளிவுமறைவு தெரியாது. கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்படியே போனா ஆறு மாசம் தாங்காது கங்காணி."

"அவளுக்கு முந்தி நான் போக முடியாதுங்க" என்றார் இராசையா. "ஒரு நாளாச்சும் பிந்தித்தான் போகணும். நான் போயிட்டா அவள யாரு பாப்பா? அதுக்கு மருந்து இருந்தாக் குடுங்க."

அதற்கு டொக்டரய்யாவிடம் மருந்து இல்லை. பிரஷருக்கு இருந்ததைக் கொடுத்தார், கிழமைக்கு ஒரு தடவை வரச் சொன்னார். மனைவியை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று எண்ணிக்கொண்டே இராசையா மலை ஏறினார்.

மருந்து ரெங்கம்மாவிடம் இருந்தது. அவளும் வேலையிலிருந்து நின்றவள்தான். ஒரு காலத்தில், கொழுந்தைப் பறிக்காமல் விட்டுவிட்டு வந்தாள் என்று கொட்டுகிற மழையில் அதே தேயிலை நிரைக்கு அவளைத் திருப்பி ஏற்றிவிட்டவர் இந்தக் கங்காணி. அவள் அதை மறக்கவில்லை, மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை கதவைத் தட்டாமல் தள்ளினாள்.

"நீங்க போயி மருந்து வாங்கிட்டு வாங்க கங்காணியய்யா. அக்காகிட்ட நான் இருக்கேன். போறதுதான் போறீங்க, என் போத்தலையும் கொண்டுபோங்க."

கங்காணி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பொம்பளைய பொம்பள பாக்குறதுல ஒங்களுக்கு என்னா கொறஞ்சு போவுது?" என்றாள் ரெங்கம்மா.

கங்காணி விலகினார். மூன்று மைல் இறக்கத்தில் யாரும் இல்லாத ஒரு திருப்பத்தில் நின்று, துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதார். இரண்டு வருஷத்து அழுகை. அதன்பிறகு கால்கள் இலேசாக இருந்தன என்று அவரே ரெங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

மறு வியாழன் நாலு போத்தல். அதற்கடுத்ததில் ஒன்பது. சாக்கில் போட்டு எடுத்துப்போனார், வழியில் மோதி ஒன்று உடைந்தது. ரெங்கம்மா தன் பழைய கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். கங்காணி அதை முறைத்தார், கூடை அசையவில்லை, எடுத்து மாட்டிக்கொண்டார். அன்று மலையில் கொழுந்தெடுத்த பெண்களின் கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"கங்காணியய்யா, இன்னைக்கு எந்த நெர?" என்று மேலேயிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"ஒன் நெரதான். நீ விட்ட கொழுந்தெல்லாம் நான் எடுக்கப் போறேன்" என்று கங்காணி திருப்பிக் கொடுத்தார். மலை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அவருக்கு இத்தனை பல் இருப்பது அன்றுதான் தெரியும் என்று சொன்னவர்கள் உண்டு.

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் போத்தல் கொடுக்கிற வீட்டிலிருந்து ஒருத்தி முறை வைத்து இராக்கம்மாவோடு இருக்கிறாள். எண்ணெய் தேய்க்கிறாள், தலை வாருகிறாள், லயத்து வம்பு அத்தனையும் சொல்கிறாள். ஒன்பது வருஷத்தில் மிச்சம் இருந்த ஏழு வருஷமும் இராக்கம்மாவுக்கு வம்புக்குப் பஞ்சமில்லை. "கைப்புள்ளையா அவங்க? கோப்பைய எடது கையில குடுத்துப் பாருங்க" என்று முதல் மாதமே ரெங்கம்மா கண்டித்தாள். கொடுத்தார். பாதி சிந்தியது, பாதி வாய்க்குப் போனது. பிறகு சிந்துவது குறைந்தது. கங்காணி தினமும் காலைக்கும் மாலைக்கும் அவளைத் தூக்கி நிறுத்தி, கட்டில் காலைப் பிடிக்க வைத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று நடை பழக்கினார். கட்டிலைச் சுற்றி எட்டு அடி வைப்பாள். அதற்கு மேல் மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவாள்.

அவரோடு வேலையிலிருந்து நின்ற கங்காணிமார் நாலு பேர். இரண்டு பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மற்ற இரண்டு பேர் வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார், மற்றவருடைய போத்தலை இராசையாதான் சுமக்கிறார். கோட்டு மறுபடி உடம்புக்குச் சரியாக இருக்கிறது. படுத்தால் தூக்கம் வருகிறது. பெண்கள் "கங்காணியய்யா" என்பதை விட்டு எப்போதோ "அண்ணே" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எப்போது என்று அவர் கவனிக்கவில்லை.

போன மாதம் டொக்டரய்யா பட்டியை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். முதல் தடவை பார்த்ததில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"நான் ஆறு மாசம்னு சொன்னது தப்பாப் போச்சு கங்காணி."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. அந்த ஆளு ஆறு மாசத்துலயே போயிட்டான்" என்றார் இராசையா, கோட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே.

போன வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. வழக்கமாக இரண்டு மணிக்கு வந்துவிடுகிறவரை நாலாகியும் காணவில்லை. ஐந்து மணிக்கு, கீழே பாதி வழி வரை போய்த் திரும்பிய ஒருவன் பாதையில் மண் சரிந்துவிட்டது என்று சொன்னான். பெண்கள் வாசலுக்கு வந்து கீழே போகிற பாதையைப் பார்த்தார்கள். அன்று முறை ரெங்கம்மாவுடையது. இராக்கம்மாவின் காதில் விழக்கூடாது என்று கதவைச் சாத்தப் போனாள். அதற்குள் விழுந்துவிட்டது.

"தூக்கு" என்றாள் இராக்கம்மா.

ரெங்கம்மா தூக்கி நிறுத்தினாள். இராக்கம்மா கட்டிலை விட்டுச் சுவரைப் பிடித்தாள். எட்டாவது அடியோடு நிற்கவில்லை. ஒன்பது, பத்து என்று வலது காலை இழுத்து இழுத்து வைத்தாள். ரெங்கம்மா பிடிக்க நீட்டிய கையைத் தள்ளிவிட்டாள். ஒன்பது வருஷமாகத் தன் காலால் தாண்டாத அறையைத் தாண்டி வாசல் நிலையைப் பற்றிக்கொண்டு நின்றாள். யார் சொல்லியும் உட்காரவில்லை.

ஆறு மணி இருக்கும். கீழே போகிற பாதையில் அல்ல, ரயில் பாதைப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கோட்டு ஏறி வந்தது. சரிவைச் சுற்றித் தண்டவாளத்தோடு நடந்து, ஐந்து மைல் அதிகமாக வந்திருக்கிறார். மழையில் நனைந்துகொண்டே பெண்கள் ஓடினார்கள்.

"ஒண்ணும் ஒடையல, பயப்படாதீங்க" என்று கூடையை இறக்கினார் கங்காணி. பிறகுதான் நிமிர்ந்தார். வாசலைப் பார்த்தார்.

"யாரு இவள எழுப்பி விட்டது? விழுந்து வச்சா என்னா பண்றது?" என்று அதட்டிக்கொண்டே வந்தார்.

"எழுப்பி நிறுத்துனது நான்தான் அண்ணே. இங்க வரைக்கும் அவங்களே நடந்து வந்தாங்க" என்றாள் ரெங்கம்மா.

கங்காணி இராக்கம்மாவின் கால்களைப் பார்த்தார். தலையிலிருந்து மழைநீர் முகத்தில் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. இராக்கம்மா ரெங்கம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, நிலையைப் பிடித்திருந்த இடது கையை மெல்ல எடுத்து, தன் முந்தானையை இழுத்தாள்.

"குனிங்க" என்றாள். குழறலாகத்தான் வந்தது, எல்லோருக்கும் விளங்கியது.

பதினேழு போத்தல்களும் மழையில் கிடந்தன. ஒருத்தியும் தன்னுடையதை எடுக்கக் குனியவில்லை. ஆறடி மனிதர் மட்டும் வாசற்படிக்குக் கீழே வந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, அவளுடைய கைக்கு எட்டும்படி தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.