செல்லக்கிளியின் 2009

2007 – 276 நாள்
2008 – 279 நாள்
2009 – 204 நாள்
2010 – 273 நாள்

மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை பறித்த செல்லக்கிளியின் வருகைக் கணக்கில் நான்கு வருடங்கள் இவை. அங்கே இருபத்தாறு வருடம் பேர் கூப்பிட்டு வருகை பதிந்தவன் நான். எனக்கென்று எடுத்து வைத்த நகலை ஓய்வுக்குப் பின் ஒரு பழைய மடிக்கணினியில் ஏற்றினேன். அதில் லினக்ஸ் மட்டும்தான். படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. காகித நகல் கறையானுக்குப் போயிற்று.

செல்லக்கிளி மலையிலேயே பிறந்தவள். பதினெட்டு வயதில் கூடை மாட்டினாள். 2024-ல் இறங்கி வந்து, இப்போது கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறாள். பணிக்காலத்தைக் கணக்கிட அவள் கொடுத்த மனுவுக்கு நான்தான் திரையைப் பார்த்துப் பட்டியல் எழுதினேன். நவம்பரில் பதில் வந்தது: ஒரு வருடம் சேர 240 நாள் வேலை வேண்டும், 2009-ல் அது இல்லை, அந்த வருடம் சேராது.

கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு செத்த வருசம்லா அது. பதினாறு கழிஞ்ச மறுநாளே கொழுந்தெடுக்கப் போனேன். பேர் கூப்பிட்டது நீங்கதான்."

"மெசின்ல 204னு இருக்கே, செல்லக்கிளி."

"மெசினா என்னைப் பாத்துச்சு? நீங்கல்லா பாத்திய!"

மூன்று நாள் திரையின் பொடி எழுத்தை லென்ஸை வைத்துப் பார்த்தேன். கண்ணில் நீர் வடிந்ததுதான் மிச்சம். நாலாம் நாள் மடிக்கணினியோடு இருவரும் பஸ் ஏறி, அம்பாசமுத்திரத்தில் கணினி பழுது பார்க்கும் கண்ணனிடம் போனோம்.

"இதையா படிக்கிய? எறும்புக்கே கண்ணு வலிக்கும் அண்ணாச்சி! பெருசாக்குனா வரி மடங்கும், பரவால்லையா?"

"மடங்கட்டும். இலக்கம் தெரியணும்."

செட்ஃபான்ட் என்று ஒரு கட்டளை அடித்தான். எழுத்து இரண்டு மடங்காயிற்று. வரி பாதியில் உடைந்து கீழே இறங்கியது. அணைத்துப் போட்டாலும் சிறுக்காதபடி வேறொரு கோப்பிலும் எழுதி வைத்தான்.

அந்த எழுத்தில் சுழியத்துக்குள் ஒரு சாய்கோடு உண்டு. அது எனக்குத் தெரியும், தெரிந்திருந்ததுதான் கெடுத்தது. உள்ளே எதுவோ அடைத்துக்கொண்டிருந்தால் சுழியம் என்று வாசித்துப் பழகிவிட்டேன். இப்போது 2009-ன் இரண்டு சுழியங்களிலும் கோடு தெரிந்தது. நாள் கணக்கின் நடு இலக்கத்தில் கோடு இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம். 284.

"எட்டா?" என்றாள்.

"எட்டு. தப்பு என்னோடது."

"நான் சொன்னா நம்பல. மெசின் சொன்னா நம்புதிய." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அரைநாள் போச்சு. பைய எழுதுங்க. பாத்து எழுதுங்க."

திருத்தக் கடிதத்தில் பிழை யாருடையது என்பதையும் எழுதினேன். பிறகு மற்றத் தொழிலாளர்களின் வரிகளையும் முதலிலிருந்து வாசித்தேன். பதினொரு நாள் ஆயிற்று.

2009 சேர்க்கப்பட்டதாகப் பதில் வந்தது. அவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பின்பு அவள் பெயருக்கு நேரே கடைசிப் பதிவை அடித்தேன். அதுவும் மடங்கித்தான் விழுந்தது. கடிதம் வந்த தேதி: 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை.