தாவூத் பாய் வாசித்துக் காட்டாத பக்கம்

ஷேக் தாவூத்தின் பெயர் அச்சில் வந்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அது வராமலே இருந்திருக்கலாம்.

அஞ்செட்டிக்கு மேலே மலைச்சரிவில் பதினெட்டு இருளர் வீடுகள். அங்கே புளியும் தேனும் வாங்கி, குந்தாரப்பள்ளிச் சந்தையில் இருபது வருடமாக விற்றுவந்தவர் தாவூத். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம், அதற்கு மேல் இருளர் பேச்சு, எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "பாய் வாய்க்குப் பர்மிட்டே வேண்டாம், எந்த எல்லையும் தாண்டும்" என்று சந்தையில் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

எண்பத்தேழாம் வருடம் அண்ணாதுரை என்ற பல்கலைக்கழக ஆய்வாளர் டேப் ரெக்கார்டரோடு அந்த ஊருக்கு வந்தார். பிள்ளைகளின் வாயிலிருந்து அந்தப் பேச்சு நழுவிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ், ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போனால் தெலுங்கும் கன்னடமும். அதனால் இருளர் பேச்சிலேயே, தமிழ் எழுத்தில், பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புப் புத்தகம் போடுவது என்று முடிவாயிற்று. பக்கத்துக்கு மலைப் பாறை ஒன்று. அதன் பெயர், அங்கே என்ன உண்டு, கீழே தமிழில் பொருள். எழுதித்தரத் தாவூத்தைப் பிடித்தார் அண்ணாதுரை.

"ஒரே ஒரு கண்டிஷன் பாய். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் ஊரை உக்கார வச்சு வாசிச்சுக் காட்டணும். ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் எடுத்துரணும். பேச்சு அவங்களுது, நம்மளுது இல்ல."

நஞ்சம்மா என்ற பெண்தான் பெயர்களைச் சொன்னாள். தாவூத் எழுதினார், வாசித்தார். ஊர் இரண்டு பெயர்களை எடுக்கச் சொன்னது, எடுத்தார். பதினொரு பக்கம் இப்படி ஒழுங்காகவே நடந்தது.

பன்னிரண்டாவது பெயர், தேன்மெழுகு உருக்கும்போது நஞ்சம்மாவின் வாயில் பேச்சுவாக்கில் வந்தது. தமிழில் சொன்னால் 'தண்ணீர் தூங்கும் கல்'. கீறலே இல்லாத கருங்கல் பாறை, அதன் அடியில் ஓர் ஊற்று. சித்திரை வெயிலில் பதினெட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான் தண்ணீர்.

"இத எழுதிராத பாய். வெளியாளுங்களுக்கு இந்தப் பேரச் சொல்றதில்ல. உன்ன வெளியாளுன்னு நெனக்கல, அதான் வாயில வந்திருச்சி."

தாவூத் எழுதினார். அவ்வளவு அழகான பெயரை எப்படி விடுவது? அண்ணாதுரை முதுகில் தட்டிக்கொடுப்பாரே. ஆசை வெட்கம் அறியாது. அந்த வாரம் ஊரே புளி உலுக்கப் போயிருந்தது. கடைசிப் பக்கம் வாசித்தாயிற்றா என்று அண்ணாதுரை கேட்டபோது, "வாசிச்சாச்சுங்க. சரின்னுட்டாங்க" என்றார். அண்ணாதுரையிடம் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

புத்தகம் வந்தது. அட்டையில் 'சொல் சேர்த்தவர்: ஷேக் தாவூத்'. சந்தையில் புளி மூட்டைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒன்றை வைத்திருந்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சென்னப்பன் புரட்டிப் பார்த்தார். ஒரு கல் குவாரியின் மேனேஜர் அவர்.

"பாய் எழுதினதா? நமக்கு ஒண்ணு குடுங்க."

தாவூத் கையெழுத்துப் போட்டே கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையெழுத்தால் கெட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் மலையில் ஒரு பாறையில் வெள்ளைப் பெயிண்டில் பெருக்கல் குறி தென்பட்டது. கல்லுக்காரர்கள் குறி வைத்தால் பின்னாலேயே வெடி வரும். பத்து நாளில் இன்னொரு பாறையில் குறி. மூன்றாவதைப் பார்த்தபோதுதான் தாவூத்துக்கு உறைத்தது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். பெயிண்ட் புத்தகத்தின் வரிசையிலேயே வந்துகொண்டிருந்தது.

ஊரில் பிள்ளைகளும் புத்தகத்தை வாசித்துக்கொண்டே வந்தார்கள். நஞ்சம்மாவின் ஒன்பது வயது மகள் ராஜாத்திதான் எழுத்துக் கூட்டாமல் வாசித்த முதல் பிள்ளை. ஆடு மேய்க்கும்போதுகூட இப்போது சொந்தப் பேச்சில்தான் சண்டை போட்டார்கள். அண்ணாதுரை சந்தோஷமாகக் கடிதம் எழுதினார். தாவூத்துக்கு அதைப் படிக்கப் படிக்கப் பயமாக இருந்தது. ஒருநாள், கடைசிப் பக்கத்துக்கு யாரும் வருவதற்குள், அச்சுப் பிழை என்று சொல்லி, பிள்ளைகளின் புத்தகங்களை வாங்கிக் கடைசித் தாளை எல்லாவற்றிலும் கிழித்துக்கொண்டார். நஞ்சம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் தேன் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தார்.

பங்குனியில் ஒரு காலை, அவர் நஞ்சம்மா வீட்டு வாசலில் தேன் நிறுத்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. சென்னப்பன் இறங்கினார். கையில் புத்தகம்.

"நல்ல நேரத்துல இருக்கிறீங்க பாய். பதினொண்ணும் கெடச்சிருச்சி. கடைசி ஒண்ணு மட்டும் எங்காளுங்க கண்ணுல படல. கீறலே இல்லன்னு எழுதியிருக்கிறீங்க, எங்களுக்கு அந்தக் கல்லுதான் வேணும்."

"அது சும்மா எழுதினதுங்க. அப்பிடி ஒரு கல்லே இல்ல." தாவூத் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சென்னப்பன் சிரித்துக்கொண்டே பக்கத்தை விரித்துக் காட்டினார். ராஜாத்தி எட்டிப் பார்த்தாள். தன் புத்தகத்தில் இல்லாத பக்கம். அவளுக்கு ஆசை தாங்கவில்லை. ஓர் எழுத்துகூடத் தட்டாமல், தங்கள் பேச்சில், கணீரென்று முழுப் பக்கத்தையும் வாசித்தாள். வாசித்து முடித்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினாள்.

"இது எங்க ஊத்து. அதோ, அந்த மூங்கப் பொதருக்குப் பின்னால."

வாசலில் நின்ற நஞ்சம்மா மகளைப் பிடித்து இழுப்பதற்குள் சென்னப்பன் மூங்கில் பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய ஆள் ஜீப்பிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தான்.

நஞ்சம்மா அவர்களைப் பார்க்கவில்லை. தாவூத்தைத்தான் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்த எங்களுக்கு வாசிச்சுக் காட்டலியே பாய்."

தாவூத்தின் தராசிலிருந்த தேன் டின்னை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, அவள் உள்ளே போனாள்.